கசக்காத கொயினா

பாம்... பாம்... என்று ஊதிக்கொண்டு அரசாங்க அலுவலகமான மன்னார்க் கச்சேரி வாசலுக்குள் ஒரு புதுக் கார் பாய்ந்தது. வெயிலில் நின்ற சனம் சிதறியது.

"வழிவிடுங்கோ, எங்கட கொயினா வருது!" என்று முசலியிலிருந்து வந்த றஹீமா கத்தினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். வங்காலை மாக்கிறட் மட்டும் சிரிக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகக் கொன்ற 1935இல், ஆஸ்பத்திரிகளுக்குக் கொயினா மருந்து வழங்கும் குத்தகையைப் பிடித்துக் கொடுத்ததற்காக அரசாங்க சபை அங்கத்தவர் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கொழும்புக் கம்பனி கொடுத்த கைக்கூலிதான் அந்தக் கார் என்பது குற்றச்சாட்டு. அதை விசாரிக்க வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் வந்திருந்தார்.

மாக்கிறட்டின் ஐந்து வயது மகன் அந்தக் கொயினாவில் மூன்று போத்தல் குடித்தும் செத்துப்போனான். அது விதியல்ல, களவு என்று நீதிபதியின் வாயால் கேட்கவே அவள் சாட்சிக்கூண்டில் ஏறினாள்.

அங்கத்தவருக்காக வாதாட வந்த அப்புக்காத்து ஒரு கடதாசியை நீட்டினார்.

"உம்மட கைநாட்டோ?"

"ஓம்."

புது மருந்தைப் பிள்ளைகள் அழாமல் குடித்த சந்தோசத்தில், ஞாயிறு பூசை முடிந்து வங்காலைப் பெண்கள் எல்லாரும் பெருவிரல் பதித்து அனுப்பிய நன்றிக் கடிதம் அது.

"கசக்காத மருந்து தந்த அங்கத்தவருக்கு நன்றி எண்டு இதில கிடக்கு. இப்ப ஏன் பிழை சொல்லுறீர்?"

கம்பனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்கள். நீதிபதி பேனாவை மூடினார். மாக்கிறட் தன் பெருவிரலைப் பார்த்தாள். தன் விரலே தன் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்வதா?

"கசக்காத கொயினா உப்பில்லாத கடல் மாதிரி. காய்ச்சலுக்க கிடந்த எங்களுக்கு அது விளங்கேல்லை. படிச்ச உங்களுக்குமோ விளங்கேல்லை?"

கூண்டை விட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் கைப்பற்றி மேசையில் வைத்திருந்த மருந்துப் போத்தலைத் திறந்து அங்கத்தவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்ல மருந்தெண்டா ஒரு மிடறு குடியுங்கோ ஐயா. நான் பேசாமல் வீட்ட போறன்."

மொழிபெயர்க்க நின்ற கோட்டு முதலியார் அதை நீதிபதிக்கு இங்கிலீசில் சொன்னார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அங்கத்தவரைப் பார்த்தார். அப்புக்காத்து அவசரமாக எழும்பினார். அவர் வாய் திறக்குமுன் கொன்ஸ்ரன்ரைன் போத்தலைத் தட்டிவிட்டுப் பாய்ந்து எழுந்தார்.

"குளத்துத் தண்ணியில மாவைக் கரைச்சு அடைச்சிருக்கிறாங்கள், அதைக் குடிக்க எனக்கென்னடி விசரே?"