காளியாயி முதல் ஆள்

கிளாவரை மலையூரின் பூண்டுச் சங்கத்தின் கொட்டகைக் கணினியைத் தொடுவதற்கு நதியா தன் புருஷனிடமே கெஞ்ச வேண்டியிருந்தது. வேல்ராஜ்தான் சங்கச் செயலாளர். வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவன், கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் கலெக்டர் ஆகிவிடுவான்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் கேட்டவர்கள், அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்கள். விஷயம் இதுதான். சி மொழியில் எழுதிய நிரல்கள் சரியான சோம்பேறிகள். திரையில் எழுத்தைக் காட்டுவது, நினைவகத்தில் இடம் பிடிப்பது, பெயர்களை வரிசைப்படுத்துவது என்று எல்லா எடுபிடி வேலையையும், நூலகம் என்று பெயர் வைத்த ஒரு பொது நிரல் தொகுப்பின் தலையில் கட்டிவிடும். அந்த நூலகத்தை ரஸ்ட் மொழியில் நதியாவும் எங்கெங்கோ இருக்கும் சில நண்பர்களும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நினைவகத்தில் அடுத்தவர் இடத்தில் கைவைத்தால் ரஸ்ட் லேசில் விடாது. சோதனைகளில் எல்லாம் தேறியாயிற்று. நிஜ மனிதர்களின் நிஜ வேலை ஒன்று அதன் மேல் ஓடிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. மூட்டைக்காரர்களை வரிசைப்படுத்திக் காட்டும் கொட்டகை நிரலோ சி மொழியில் எழுதியது.

"ஒரு சந்தை நாள்தான். மக்கர் பண்ணுச்சுன்னா பழசையே போட்டுருவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றான் வேல்ராஜ்.

கொட்டகை வழக்கம் எளிது. பருத்த பூண்டை முதலில் எடைக்குக் கூப்பிடுவார்கள், பொடிப் பூண்டைக் கடைசியில். ஒரே ரகத்துக்குள் யார் முதலில் மூட்டையை இறக்கினார்களோ அவர் முதலில். அந்த முதல் இடம் எப்போதும் காளியாயிக்குத்தான். பனி விலகுமுன் குதிரையோடு வந்து நின்றுவிடுவாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தச் சந்தை நாளில் புது நூலகத்தின் மேல் நிரல் சிக்கலில்லாமல் ஓடியது. நதியாவுக்கு வாயெல்லாம் பல். வேல்ராஜ் திரையைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டான்.

"வேலுச்சாமி!"

காளியாயி எழுந்தாள். "ஏலே வேல்ராஜு, வெள்ளனே வந்தது நானு. இவன் இப்பத்தான் பல்லு வெளக்கிட்டு வாரான்!"

வேலுச்சாமியே சிரித்துவிட்டான். நதியாவுக்கு முகம் சுண்டிப்போனது. வரிசைப்படுத்தும் பகுதி அவள் எழுதியது.

"ஒரே ரகமா இருந்தா யாரு பேரு முன்னாடி வந்தாலும் சரிதான்னு சி மொழி விதியில இருக்கு மதினி."

"விதி போட்டவுக எந்தக் கொட்டகையில காத்துக் கெடந்தாக?"

"பழசையே போட்டுரவா?" என்றான் வேல்ராஜ்.

"ஏங்க, எல்லாரும் டீ குடிச்சு முடிக்கிறவரைக்கும் பொறுங்க."

மூட்டை மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வரிசைப்படுத்த இரண்டு வழி உண்டு. வேகமான வழியில் சமமானவர்கள் இடம் மாறிப்போவார்கள். மற்றது நினைவகத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும், ஆனால் வந்த வரிசை குலையாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு முதல் வழியைப் பிடித்தவள் அவள்தான். இப்போது மாற்றி எழுதினாள். நினைவகத்தில் இரவல் வாங்கிய இடத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடு என்று ரஸ்ட் இரண்டு முறை திட்டியது. அதையும் சரிசெய்து கொட்டகைக் கணினியில் ஏற்றினாள். டீ தம்ளர்கள் கீழே வைக்கப்பட்டன.

வேல்ராஜ் திரையைப் பார்த்தான். இந்த முறை குரலை உயர்த்தியே கூப்பிட்டான்.

"காளியாயி!"

காளியாயி மிடுக்காக எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நதியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புது நூலகம் கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

மாற்றத்தை நண்பர்களுக்கு அனுப்பியபோது, வேகம் குறைகிறதே என்று ஒருவர் கேட்டார். நதியா நடந்ததைச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சந்தையில் காளியாயி கேட்டாள்: "மறுபடி எவனாச்சும் நோண்டி மாத்திப்புட்டா?"

"முடியாது மதினி. ஒரு சோதனை எழுதி வச்சிருக்கேன். எந்த நாட்டுல எவன் அதத் தொட்டாலும், காளியாயி முதல்ல, வேலுச்சாமி கடைசியில வந்தாத்தான் உள்ள விடும்."

காளியாயி குதிரையை அவிழ்த்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப அடுத்த சந்தைக்கு நான் செத்த நேரம் கூடத் தூங்கி எந்திரிச்சு வரலாம்ல?"