நீலத் தொட்டியில் ஒரு வெள்ளைக் கை

எங்கள் குடும்பத்தில் கடையில் வாங்கிய பொருளைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இல்லை. என் தகப்பனார் தம் சம்பந்திக்குச் சாய்வு நாற்காலி ஒன்று செய்து கொடுத்தார். என் மகளின் புகுந்த வீட்டுக்கு என் மனைவி ஒரு மேசை விரிப்பு முழுவதும் பூவேலை செய்து அனுப்பினாள். அவர்கள் இன்றும் அதன்மேல் கண்ணாடி போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, பெண்ணின் அப்பா என்னிடம், "நாங்க என்ன செய்யணும்னு நீங்க எதுவுமே சொல்லலையே" என்று தயங்கிக் கேட்டபோது, நான் எழுந்து நின்று பதில் சொன்னேன்.

"எதுவும் வேண்டாம். நீங்க முதல்முதலா எங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு, எங்க வீட்டுலயே செஞ்ச பொருள் உங்க வீட்டுக்குப் போகும். அதுதான் எங்க வழக்கம்."

அவர் பல் மருத்துவர். அளந்து சிரிப்பவர். அன்று அவர் முகம் மலர்ந்ததை அவர் வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேனே தவிர, செய்வது யார் என்று யோசிக்கவில்லை. மனைவிக்குக் கண்ணில் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் கோக்கக் கூடாது என்று உத்தரவு. நானோ பேருந்துப் பணிமனையில் கண்காணிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு வேலை வாங்கத் தெரியும். பணிமனையின் இரும்புக் கதவு என் வலக்கை மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்ட அன்றுகூட, கடைசிப் பேருந்து உள்ளே வந்து நின்ற பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆனால் ஒரு முக்காலி செய் என்றால் எனக்குத் தெரியாது.

மிஞ்சியது என் தம்பி. மாடியறையில் இருப்பவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஐஸ்கிரீம் டப்பாவையும் பெயின்ட் வாளியையும் அச்சாக வைத்து, சிமென்டும் மணலும் குழைத்து ஊற்றி, கொல்லைப்புறத்தில் பூந்தொட்டி செய்துகொண்டிருந்தான். வீட்டில் அவன் பெயரே 'சிமென்டு' என்று ஆகிவிட்டது. அச்சின் உட்புறம் சமையல் எண்ணெய் தடவுவான். மறுநாள் கவிழ்த்துத் தட்டினால் தொட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உறுதியில் குறை சொல்ல முடியாது. பார்வைக்குத்தான் யானைக்கால் மாதிரி இருக்கும். அதனால் நான் அவற்றை வாசல் பக்கம் வர விட்டதில்லை. குளியலறைக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மருமகள் அந்த வரிசையைப் பார்த்தாள். மறுவாரமே ஒரு பை நிறைய ஸ்பிரே பெயின்ட் டப்பாக்களோடு வந்தாள்.

"சின்ன மாமா, ஒரு தொட்டி கொடுங்க. கெட்டுப்போனா திட்டக் கூடாது."

"கெட்டுப்போறதுக்கு அதுல என்னம்மா இருக்கு? எடுத்துக்கோ."

தொட்டிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக் காயவைத்தாள். அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் நீலம், வெள்ளை, செம்பு நிறம் என்று மாற்றி மாற்றிப் பீய்ச்சினாள். பெயின்ட் பாலாடை மாதிரி மிதந்தது. குச்சியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொட்டியைச் சாய்த்து மெதுவாக உள்ளே இறக்கினாள். மிதந்த ஆடை அப்படியே சுற்றி ஏறி ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்தபோது அது யானைக்கால் அல்ல. மலையிலிருந்து வெட்டி இழைத்த கல். நீலத்தின் குறுக்கே வெள்ளை நரம்பு ஓடியது; ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை இரண்டு முறை சுற்றி வந்தேன். "பரவாயில்லை" என்றேன்.

"அம்மாடி, அண்ணன் வாயிலேர்ந்து பரவாயில்லைன்னு வந்தா, மத்தவங்க எழுந்து நின்னு கைதட்டினதுக்குச் சமம்" என்றான் தம்பி.

ஆக, சம்பந்தியின் மருத்துவமனை வாசலுக்கு இரண்டு பக்கமும் வைக்க ஒரு ஜோடித் தொட்டி என்று முடிவாயிற்று. தம்பி புதிதாக இரண்டு ஊற்றினான். சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தைய நாள் இரண்டும் வெள்ளைப் பூச்சோடு கொல்லைப்புறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் காலையில் நிறத்தில் முக்க வேண்டியது. மதியப் பேருந்தில் விருந்தாளிகள்.

மாலையில் எல்லாரும் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் தொட்டிகளைச் சோதனையிடப் போனேன். வெள்ளை மங்கலாக இருந்தது. மேலே தூசி வேறு. பணிமனைக்கு மேலதிகாரி வருகிறார் என்றால் பேருந்தின் உடம்பை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது என் நடைமுறை. கண்ணாடி மாதிரி மின்னும். தம்பியும்தான் அச்சுக்கு எண்ணெய் தடவுகிறான். எண்ணெய் ஆகாத பொருளா என்ன? அடுக்களையிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து முதல் தொட்டியை அங்குலம் விடாமல் துடைத்தேன். நன்றாக மின்னியது. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் மருமகள் முதல் தொட்டியை முக்கி எடுத்தாள். நிறம் நிற்கவில்லை. ஆடை சுருண்டு வழிந்து, அங்கங்கே நூல் நூலாகத் தொங்கியது. தொட்டி மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி இருந்தது.

"தண்ணி சில்லுனு இருந்திருக்கும்" என்றான் தம்பி.

"வெதுவெதுப்பாத்தான் வச்சேன், சின்ன மாமா. உங்க தொட்டி சரியாக் காய்ஞ்சதா?"

"என் தொட்டியில குறையா? பெயின்ட் பழசா இருக்கும். டப்பாவை நல்லாக் குலுக்கினியா?"

"குலுக்கினேன்."

"குலுக்கின மாதிரி தெரியலையே."

அவள், தன் அப்பா அம்மா முதல்முறையாக வரும் நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வேறு கவலை. பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னவன் நான். வெறுங்கையோடு சம்பந்தியை வழியனுப்பினால், இனி அந்த வீட்டுக் கூடத்தில் எந்த முகத்தோடு உட்காருவது?

"இன்னொண்ணு இருக்கே, அதைப் பாருங்க" என்றேன்.

இரண்டாவதை முக்கினாள். இந்தமுறை நிறம் அழகாக ஏறியது. மேலே மிதந்த மிச்ச ஆடையைச் செய்தித்தாள் துண்டால் ஒதுக்கிவிட்டுத் தொட்டியைத் தூக்கித் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது.

தொட்டியின் நடுவில், நீலத்துக்குள், வெள்ளையாக ஒரு கை. உள்ளங்கை, கட்டைவிரல், மற்ற விரல்கள், எல்லாம் பிசகில்லாமல்.

என் மனைவி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து குனிந்தாள்.

"மோதிர விரல் குட்டையா இருக்கே" என்றாள். "கண்ணு தெரியாதவ நான், எனக்கே தெரியுது. என்னங்க, எதைத் தடவினீங்க?"

என் வலக்கை எனக்கு முன்பே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"எண்ணெய்" என்றேன். "மின்னட்டும்னு."

தம்பி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். அவன் முதுகு குலுங்கியது. மருமகள் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டையும் நான் கவனித்தேன். அவளைப் பார்த்துச் சொன்னேன்: "உன் பெயின்ட் மேலயும் தப்பில்லை, அவன் தொட்டி மேலயும் தப்பில்லை. கெடுத்தது நான். இதைச் சரிபண்ண வழி இருக்கா, அதைச் சொல்லு."

"முதல் தொட்டியைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு நல்லாக் கழுவினா எண்ணெய் போயிடும், மாமா. காயவச்சுத் திரும்ப வெள்ளை அடிக்கணும். அப்புறம் முக்கலாம். நேரம்தான்..."

"நேரத்தை நான் பார்த்துக்கறேன். முக்கறதும் நான்தான்."

"நீங்களா?"

"அண்ணே, இதுக்குக் குனியணுமே" என்றான் தம்பி.

என் இடுப்பு யாருக்கும் வளையாது என்பது பணிமனையிலிருந்து இந்தத் தெரு வரை பிரசித்தம். "குனியறேன்" என்றேன்.

கழுவினேன். சோப்பு நுரை ஒரு துளி மிஞ்சினாலும் தண்ணீரில் நிறம் சிதறிவிடும் என்று மருமகள் சொன்னதால், மீண்டும் மீண்டும் நல்ல தண்ணீர் ஊற்றி அலசினேன். வெயிலில் வைத்து, தலைமுடி காயவைக்கும் கருவியையும் பிடித்தோம். வெள்ளை ஏறிக் காய்வதற்குள் சூரியன் உச்சிக்கு நெருங்கிவிட்டது. மகன் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினான். தம்பி குளிக்கப் போனான். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு, மடித்த சாக்கின்மேல் முழங்காலிட்டேன்.

மருமகள் பீய்ச்சினாள். நீலம், வெள்ளை, மறுபடி நீலம், செம்பு. "சாய்ச்சுப் பிடிங்க, மாமா. மெதுவா. அவசரப்பட்டா குமிழி வரும்."

தொட்டியின் உள்ளே கைவிட்டுப் பிடித்து இறக்கினேன். சிமென்டுத் தொட்டி, பாரம் தோளில் ஏறியது. அந்த நீலம் தொட்டியின் வெள்ளை உடம்பில் ஏறி வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு புரியும். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். விளிம்பு வரை போனதும் நிறுத்தினேன். இனி மேலே மிதப்பதை ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல் தூக்கினால் மறுபடி ஒட்டிக்கொண்டு எல்லாம் அப்பிவிடும்.

அப்போது வாசலில் ஆள் அரவம் கேட்டது.

"பஸ் சீக்கிரமே வந்துடுச்சுப்பா!" என்று மகன் குரல்.

பேருந்து தாமதமாக வந்தால் காரணம் இருக்கலாம். முன்கூட்டி வருவதற்கு மன்னிப்பே கிடையாது. என் காலத்தில் அந்த ஓட்டுநர் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் நான் கோபப்படும் நிலையில் இல்லை. கொல்லைக் கதவு வழியே சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நேராக வந்து நின்றார்கள்.

"அம்மா, தொடாதே, கையெல்லாம் பெயின்ட்!" என்று மருமகள் கத்தினாள். அந்த அம்மா காதில் வாங்காமல் மகளைக் கட்டிக்கொண்டார். தண்ணீரில் மிதந்த ஆடையை ஒதுக்க ஆளில்லை.

விருந்தாளி வந்தால் எழுந்து நின்று வரவேற்காத குறை எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. எழுந்தால் தொட்டி போயிற்று. எழாவிட்டால் மரியாதை போயிற்று. முழங்காலிட்டு, பனியனோடு, முழங்கை வரை நீலத்தில் இருந்தபடியே, "வாங்க சம்பந்தி" என்றேன்.

"எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க" என்று அவர் பதறினார். "இப்ப என்ன பண்ணணும்?"

"மேல மிதக்கறதை ஒதுக்கணும். அந்தப் பேப்பர்..."

அவர் பையைக் கீழே போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எனக்கு எதிரே குந்தினார். செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, தொட்டியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீரைச் சுத்தம் செய்தார். என்ன கை அது! ஒரு இடத்திலும் தொட்டிமேல் படவில்லை.

"ஆடாதீங்க. அப்படியே இருங்க. அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்தான்... வலிக்கலையே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. எங்கள் இருவருக்கும் நடுவே தண்ணீர் ஆடும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் தொட்டியை ஆடவிடவில்லை.

தூக்கினேன். நன்றாகவே வந்திருந்தது. இறக்கும்போது பாரத்தில் என் கை லேசாக அசைந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் செம்பு நரம்பு மின்னல் போல ஒடிந்து இறங்கியிருந்தது. அதுதான் அழகு என்றார் சம்பந்தியம்மா. நான் மறுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, தொட்டிகள் காய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு எல்லாரும் போனோம். கைத்தொட்டியின் கதையை நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பரிமாறும்போதே என் மனைவி அதை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி முடித்திருந்தாள். சம்பந்தியம்மாவுக்கு அதன்மேல்தான் கண்.

"இதை எங்களுக்குக் கொடுத்துடுங்களேன்."

"மன்னிக்கணும்" என்றேன். "குறையுள்ள பொருளை இந்த வீட்டுலேர்ந்து கொடுத்துப் பழக்கமில்லை. ஜோடியாக் கொடுக்கணும்னு இருந்தேன். மாசம் முடியறதுக்குள்ள இன்னொண்ணு செஞ்சு நானே கொண்டுவந்து தர்றேன்."

"ஜோடி வேண்டாம், சம்பந்தி" என்றார் பல் மருத்துவர். என் தொட்டியைத் தட்டிப் பார்த்து, மின்னல் கோட்டை விரலால் தொட்டார். "எனக்கு இது போதும். பல் பிடுங்க வந்து பயந்து உட்கார்ந்திருக்கறவங்க கிட்ட, இதுல பாதி நான் செஞ்சதுன்னு சொல்லிக்கலாம் பாருங்க."

"பாதியா?" என்றான் தம்பி. "சிமென்டு என்னோடது."

"பெயின்ட் என்னோடது" என்றாள் மருமகள்.

"எண்ணெய் என்னோடது" என்றாள் என் மனைவி. "என் அடுக்களை எண்ணெய்."

மாலைப் பேருந்துக்கு அவர் அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். இந்தமுறை எழுந்து நின்று, சட்டை போட்டு, கைகூப்பி வழியனுப்பினேன். பேருந்து நேரத்துக்குக் கிளம்பியது.

கைத்தொட்டி எங்கள் வாசலில் நிற்கிறது. அதில் மருமகள் ஒரு செடி வைத்திருக்கிறாள். முதல் சில நாள் நான் கை உள்ள பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் அது தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கேட்டால், "அப்படி வச்சாத்தான் இலைக்கு வெயில் படும், மாமா" என்கிறாள்.

செடி விஷயத்தில் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கடைப்பொருள் வாசலில் நிற்காது என்று சொல்லிவிடுகிறேன்.