வேடிக்கை பார்க்கும் பழங்கள்

"ஏலே, பம்பாயில அப்படி என்னதாம்லே பண்ணுத?" என்று சண்முகையா தம்பியைக் கேட்டான். 1984, ஆடித்தபசு முடிந்த மறுநாள். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் புளியங்குடி வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

இயற்பியல் ஆய்வாளனான பெத்துராஜ், பக்கத்தில் கிடந்த எலுமிச்சை மூட்டைகளைக் காட்டினான். "புரோட்டான்னா இந்த மூட்டை மாதிரின்னு வையிண்ணே, அதுக்குள்ள இருக்க துகளெல்லாம் பழம். ரெண்டு மூட்டை படுவேகமா மோதுது. இதுல ஒரு பழமும் அதுல ஒரு பழமும்தான் முட்டும், மத்ததெல்லாம் சும்மா வேடிக்கை பாக்கும்னு நெனச்சுத்தான் கணக்குப் போடுதாங்க. நெசமாவே சும்மா இருக்கான்னு நான் சோதிக்கேன். முட்டுததுக்கு முன்னாலயே மத்த பழம் புடிச்சுத் தள்ளிச்சுன்னா கணக்கு தப்பிரும்."

"இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கான்!"

பஸ் வந்தது. சண்முகையா ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடித்தான். மறுபக்க ஜன்னலிலிருந்து எலுமிச்சை வியாபாரி வீரபாண்டியின் துண்டும் அதே இடத்தில் விழுந்தது. முதலில் ஏறிய சண்முகையா அதை எடுத்து வெளியே எறிந்தான்.

வீரபாண்டி புழுதியில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். சண்முகையாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். படியின் இரும்பு விளிம்பில் பட்டு நெற்றி பிளந்தது. எழுந்த சண்முகையா ஓங்கிக் குத்தியதில் வீரபாண்டியின் பல் ரத்தத்தோடு தெறித்தது. வீரபாண்டி மூட்டைக் கயிறு அறுக்கும் கத்தியை உருவினான்.

ஓங்கிய கை தயங்கியது; மெல்லத் தாழ்ந்தது. கூட்ட நெருக்கடியில் சிக்கியிருந்த பெத்துராஜ் அதைப் பார்த்தான்.

"என்னவே, பழம் நறுக்கவா எடுத்தீரு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பலர் சிரித்தார்கள். "ஆம்பளைன்னா எறக்கும்வே!"

கத்தி சண்முகையாவின் தொடையில் இறங்கியது. உருவியதும் ரத்தம் பீறிட்டது. வீரபாண்டி மறுபடி ஓங்கினான்.

வளையல் விற்கும் கதீஜம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். கத்தியை ஏறிட்டும் பார்க்கவில்லை. காயத்தை இரு கையாலும் அழுத்தியபடி வீரபாண்டியிடம், "மக்கா, ஒந் துண்டக் குடு. கட்டணும்" என்றாள்.

இடுப்பு முடிச்சை அவிழ்க்க இரண்டு கை வேண்டும். கத்தி கீழே விழுந்தது.

சிரித்த கூட்டமே வழிவிட்டது. கட்டுப் போட்டதும் பெத்துராஜும் வீரபாண்டியும் சண்முகையாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கட்டாமல் விட்டிருந்தால் வழியிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் சண்முகையா கண் விழித்தான். "ஏலே, மத்த பழமெல்லாம் சும்மாவா இருந்துச்சு?"

"இல்லண்ணே. தள்ளவும் செஞ்சுது, தடுக்கவும் செஞ்சுது. ஆனா இது மனுசக் கணக்கு. புரோட்டானுக்கு இனிமேத்தான் பாக்கணும்."

வாசலில் வீரபாண்டி போலீசுக்காகக் காத்துத் தலைகுனிந்து நின்றான். சண்முகையா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுலே" என்றான். "பல்லு போயிருக்கு. நல்லா ஆத்திக் குடு."