துடைப்பம் பட்ட கல்

எட்டு நாவல், நாட்டின் பெரிய விருதுகள், டொராண்டோவில் வீடு. இத்தனை இருந்தும், கனடாவின் மனிடோபாவில் தன் சொந்த ஊர்க் கர்லிங் மன்றத்து வாசலில் ஆர்டித் உள்ளே போகாமல் தயங்கி நின்றாள். உள்ளே முதல் வரிசையிலேயே பழைய தோழி மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. முகத்தில் எப்படி விழிப்பது?

பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங்கில் நடுவரை நம்பி யாரும் ஆடுவதில்லை. சறுக்கிப் போகிற கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும்போது, துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் தேய்த்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; அந்தக் கல் கணக்கில் வராது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை மது வாங்கித் தர வேண்டும். 1974 இறுதி ஆட்டத்தில் மார்லிஸின் அணி ஆர்டித்தின் அணியிடம் தோற்றது. ஆர்டித் வாங்கிக் கொடுத்ததை அவள் சிரித்துக்கொண்டேதான் குடித்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆர்டித்துக்குப் பேர் வாங்கித் தந்த நாவலில், சிவப்புக் கம்பளித் தொப்பிக்காரி ஒருத்தி கல்லைத் தொட்டுவிட்டு வாயே திறக்க மாட்டாள். ஊரில் சிவப்புத் தொப்பி போட்டு ஆடியவள் மார்லிஸ் ஒருத்திதான். கதைதானே என்று விடுமா ஊர்? மென்று தீர்த்துவிட்டது. மார்லிஸ் மன்றத்துப் பக்கம் வருவதையே நிறுத்தினாள். இன்றைக்கு மன்றத்தின் நூற்றாண்டு விழா என்பதால் பிடிவாதமாக வந்திருந்தாள்.

"உங்க எழுத்து வாழ்க்கையப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் கோர்டன் ஒலிவாங்கியை நீட்டினார்.

எழுதி வந்த தாளை ஆர்டித் மடித்துப் பைக்குள் போட்டாள்.

"எழுபத்து நாலுல கல்லுல பட்டது என் துடைப்பம். நான் சொல்லல. ஜெயிச்சோம். அப்புறம் அந்தத் தப்பைத் தூக்கி மார்லிஸ் தலையில போட்டு எழுதினேன். அதுக்குத்தான் எனக்கு விருது குடுத்தாங்க."

மார்லிஸ் கைத்தடியை ஊன்றி எழுந்து, யாரையும் பார்க்காமல் பின்பக்கமாக நடந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஆர்டித் கிடைத்த நாற்காலியில் சரிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் முன்னால் ஒரு கண்ணாடிக் கோப்பை டொக்கென்று வந்து உட்கார்ந்தது. விஸ்கியும் இஞ்சி சோடாவும்.

"குடிடி" என்றாள் மார்லிஸ்.

"எனக்கா?"

"பின்னே? அப்ப அன்னிக்கு ஜெயிச்சது நாங்கதானே? ஜெயிச்சவங்கதான் வாங்கித் தரணும். அம்பது வருஷம் லேட்டு. அது ஒண்ணும் என் தப்பில்ல, தள்ளி உக்காரு."

ஆர்டித் தள்ளி உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் தோற்றுப்போனதில் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.