கூரி வீட்டுப் புகை

வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கிழித்தபோது சோல்வெய்க் ஒரே ஒரு தாளைத்தான் எதிர்பார்த்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஹால்வோருக்கு இந்த நூற்றறுபது ஏக்கரை அரசாங்கம் எழுதிக்கொடுத்த பட்டாவின் நகல். அது இருந்தால் போதும். வாசலில் ‘நூறாண்டுப் பண்ணை’ என்ற பலகையை நட்டுக்கொள்ளலாம். தலைநகரின் ஆவணக் காப்பகமோ கோப்பு முழுவதையும் நகலெடுத்து அனுப்பியிருந்தது. நாற்பத்து மூன்று பக்கங்கள். காலை முழுவதும் சமையலறை மேசையில் அமர்ந்து அவற்றை இரண்டு முறை படித்தாள். இருபத்தாறாம் பக்கத்தை மட்டும் நான்கு முறை.

வடக்கு டகோட்டாவின் இந்தப் புல்வெளியில் அக்காலச் சட்டம் எளிமையானது; இரக்கமற்றதும்கூட. குடியேறியவர் ஐந்தாண்டுகள் தம் நிலத்திலேயே வாழ வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வீடு ஆளற்றுக் கிடந்தால், கைவிட்டுப் போய்விட்டார் என்று எவரும் மனுக் கொடுத்து அந்நிலத்தைத் தமக்குக் கேட்கலாம். ஆகவே ஒருவர் வெளியூர் போனால், அண்டை நிலத்துக்காரர் நாள்தோறும் சென்று அவருடைய அடுப்பை மூட்டிவைப்பார். புகைபோக்கியில் புகை எழுந்தால் வீட்டில் ஆள் இருப்பதாகப் பொருள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறின் பனிக்காலத்தில், விதவை கூரி தன் மகளின் பிரசவத்துக்கு மின்னசோட்டா போனபோது, மாலைதோறும் பனியில் ஒரு மைல் நடந்து அவள் அடுப்பை மூட்டியவர் ஹால்வோர். சோல்வெய்கின் குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லிப் பெருமைப்பட்ட கதை இது. கூரியின் வம்சமும் இதையே நன்றியோடு சொல்லிவந்தது. பின்னர் கூரி, குளிர் தாங்க மாட்டாமல், தானாகவே இந்த நிலத்தை ஹால்வோருக்கு விட்டுப் போனாளாம்.

இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது, கூரியின் நிலத்தைத் தனக்குக் கேட்டு ஹால்வோர் கொடுத்த பிரமாண வாக்குமூலம். ‘அக்டோபர் முதல் மே வரை அந்த வீட்டின் புகைபோக்கியில் புகை எழ நான் ஒரு நாளும் கண்டதில்லை.’ கீழே அவருடைய கையொப்பம். குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில் இருக்கும் அதே சாய்ந்த எழுத்து. அடுப்பை மூட்டிவிட்டுப் பொய்ச் சத்தியம் செய்தாரா, மூட்டாமலேயே மூட்டியதாகச் சொல்லிக்கொண்டாரா? எது மெய்யானாலும் மற்றது பொய். இரண்டில் எதுவானாலும், கூரியின் கிணற்று நீரில்தான் சோல்வெய்க் இன்று காலையும் காப்பி போட்டிருந்தாள்.

பலகைக்கு வேண்டியது பட்டா இருந்த கடைசிப் பக்கம் மட்டுமே. மற்றவற்றை யார் கேட்கப்போகிறார்கள்? வாசலில் கார் வந்து நின்ற ஓசை கேட்டதும், தன் கை தானாகவே இருபத்தாறாம் பக்கத்தை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் செருகுவதை அவள் பார்த்தாள். ஹால்வோரின் கையும் இவ்வளவு இயல்பாகத்தான் கையெழுத்திட்டிருக்கும் என்று தோன்றியது.

ஆர்டிஸ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கூரியின் கொள்ளுப்பேத்தி, சோல்வெய்கின் வகுப்புத் தோழி. சொந்தமாகக் கையகல விளைநிலமும் இன்றி, வயலுக்கு அப்பால் ஒரு சிறு வீட்டில் தனியாக வாழும் அவள், நாற்பது அறுவடைகளுக்கு இதே சமையலறையில் நின்று கூலியாட்களுக்குச் சமைத்தவள். பலகை மனுவில் அண்டை வீட்டாரின் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது.

“என்னடி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? காப்பி ஆறிக் கெடக்கு. லூத்தரன் வீட்டுல சூடா காப்பி இல்லேன்னு தெரிஞ்சா பாதிரியார் உன்ன சபையில இருந்தே தூக்கிடுவாரு.”

சோல்வெய்க் சிரிக்க முயன்றாள்.

“பலகைய என் ஜன்னலுக்குத் தெரியற மாதிரி நடு. எங்க கூரிக்கு அடுப்பு மூட்டின மனுஷன் பேரு. அதுக்கு நான் சாட்சி போடாம வேற எவ போடுவா? பேனாவக் குடு.”

மனுவின் இரண்டாம் பத்தியில் அந்தக் கதையைத்தான் சோல்வெய்க் எழுதியிருந்தாள், போன வாரம், தன் அழகான கையெழுத்தில். அதற்கும் கீழே அச்சிடப்பட்டிருந்தது: மேற்கண்டவை உண்மை என அறிவேன்.

“படிச்சுட்டுப் போடு, ஆர்டிஸ்.”

“நீ எழுதினத நான் படிச்சு வேற பாக்கணுமாக்கும். என்னிக்குடி நீ பொய் எழுதியிருக்க?”

பேனாவின் முனை தாளைத் தொட்டது. சோல்வெய்க் எட்டி, தோழியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய், ரொட்டிப் பெட்டியைத் தூக்கினாள்.

“மொதல்ல இதப் படி.”

ஆர்டிஸ் தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணாடி கார்ல கெடக்கு. நீயே படி.”

சோல்வெய்க் தாளை வாங்கிக்கொண்டாள். தேதியைப் படித்தாள். நில அலுவலகத்தின் பெயரைப் படித்தாள். ஹால்வோரின் பெயரை வாசித்ததும் கண் ஜன்னலுக்குப் போயிற்று. ஆர்டிசும் திரும்பி அவள் பார்த்த திசையில் பார்த்தாள்.

“என் வீட்டயா பாக்குற? வரும்போது அடுப்புல கட்ட போட்டுட்டுத்தான் வந்தேன். நான் போற வரைக்கும் எரியும். நீ படி.”

அறுத்த கோதுமைத் தாள்களுக்கு அப்பால், காற்றில்லாத வானில், ஆளில்லாத அந்தச் சிறு வீட்டிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேராக எழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், இப்போது மனப்பாடமாகிவிட்ட அந்த வரியை சோல்வெய்க் சொல்லத் தொடங்கினாள்.

“அக்டோபர் முதல்...”