ஷஸ்னா வாங்கிய மூன்று கெமராக்கள்

கெமராவைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் சவர்க்காரப் பெட்டி இதைவிடக் கனமாக இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, பிளாஸ்டிக்கிலேயே ஒரு வில்லை, கட்டைவிரலால் உருட்ட ஒரு பல்சக்கரம். அவ்வளவுதான்.

"இது என்ன விலை?" என்று தங்கை ஷஸ்னாவிடம் கேட்டேன்.

"ஒண்ணு ஆறாயிரம் ராத்தா. மூணு எடுத்தீக்கிறேன்."

"இதுக்கா? பெருநாளைக்குத் தண்ணி பீச்சுற கெமரா விக்கிறானே முந்நூறு ரூவாவுக்கு, அது இதவிட உறுதி."

"உள்ள போடுற பிலிம் ரோல் வேற ஈக்குது. அது அஞ்சாயிரம். எடுத்து முடிச்சாக் கழுவுறதுக்கும் காசு."

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். இதை வாய்விட்டே சொன்னேன். கல்யாணப் பெண்ணிடம் இப்படிப் பேசக் கூடாது என்று உம்மா கட்டிலிலிருந்து அதட்டினார்.

ஷஸ்னா இந்த விளையாட்டுச் சாமானில் போய் விழுந்ததற்குக் காரணம் இருந்தது. உக்குவளையில் எங்கள் சொந்தத்துக்குள் இப்போது பெண்கள் பக்கம் கைத்தொலைபேசி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பிள்ளை உள்ளே எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மறுநாள் அது தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவன் கையில் இருந்தது. அன்றிலிருந்து பெண்கள் வாசலில் ஒரு பிரம்புக் கூடை. தொலைபேசியைப் போட்டு, இலக்கம் எழுதிய துண்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம். கண்டியிலிருந்து படம் எடுக்க ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை ஷிஹாமுக்குக் கட்டாரில் லீவு மாறியதால் கல்யாணம் இரண்டு கிழமை முந்தியது. அந்தப் பெண்ணுக்கு அன்று வேறு வேலை.

"இதுல ஸ்கிரீன் இல்ல வாப்பா. எடுத்தவங்களுக்கே பாக்க ஏலாது. எங்கயும் அனுப்ப ஏலாது" என்று ஷஸ்னா விளக்கினாள்.

வாப்பா யாகூப் மிளகு, சாதிக்காய் வியாபாரி. எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். அவரே, "அப்ப நல்ல சாமான்தானே" என்று தலையாட்டினார். நான் மாத்தளையில் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எனக்கும் அடுத்த கேள்வி தோன்றவில்லை. களைத்த மூளைக்கு ஒரு பிரச்சினை தீர்ந்தால் போதும், அதன் வால் எங்கே இருக்கிறது என்று தேடாது.

களைப்பு என்றால் சாதாரணக் களைப்பு இல்லை. உம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருஷம். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கக் கண்டிக்குக் கொண்டுபோவது நான். பாடசாலை, சமையல், மாத்திரை, இப்போது கல்யாண வேலை. மூத்தவள், கல்யாணம் கட்டாதவள் என்றால் வீட்டுக்கு இரண்டாவது சுவர் மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் சாய்ந்துகொள்வார்கள்.

கல்யாணத்தன்று பெண்கள் பக்கம் முக்காடுகள் எல்லாம் கழன்று, தலை நிறையப் பூவோடு மண்டபமே வேறாகிவிட்டது. நான் மட்டும் முக்காட்டைக் கழற்றவில்லை. பின்பக்கம் சமையல்காரர்களிடம் போய் வர வேண்டியவள் நான்தானே. உம்மா காற்றுக்காக ஜன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைச் சாரி, வீங்கிய கால், தலையில் ஒரு முழம் மல்லிகை.

உம்மாவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றைத் தவிர அவர் படம் எதுவும் வீட்டில் இல்லை. அதில் போலீஸ்காரனைப் பார்த்தவர் போல இருப்பார். அன்று ஷஸ்னா மேடை ஏறுவதற்கு முன், "பொம்பளைங்க மட்டும்தான் உம்மா" என்று கெஞ்சி மூன்று படம் எடுத்தாள். உம்மா மறுக்கவில்லை. சிரித்தாராம். நான் அப்போது பலர் சேர்ந்து உண்ணும் சோற்றுச் சஹன் தட்டுகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கெமராக்கள் கை கையாகப் போயின. வாப்பாவின் தங்கை றஹீமா மாமி இருபது படம் எடுத்துவிட்டு, பின்பக்கத்தைப் படாரென்று திறந்தார். "படம் எங்க புள்ள? உள்ள கறுப்பு ரிப்பன்தானே ஈக்குது!" என்று எனக்குக் காட்டினார். ஓடிப்போய் மூடினேன். மூடி என்ன பயன்?

உம்மா என்னை மூன்று தடவை கூப்பிட்டார். முதலில் தண்ணீருக்கு. பிறகு மாத்திரைக்கு. மூன்றாவது தடவை என் கையில் வட்டிலாப்பம் நிறைந்த பெரிய தட்டு. கை கடுக்கிறது, பின்னால் இன்னும் எட்டு மேசை. நின்ற இடத்திலேயே திரும்பி, "இப்ப என்ன உம்மா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றார்.

போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்து இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, கண்டிக்குப் போக வேன் வந்து நின்றது. உம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு எழுப்பப் போனேன். எழும்பவில்லை.

உம்மா போய் ஏழாம் நாள், குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்து ஆட்கள் போன பிறகுதான் ஷஸ்னாவுக்கு நினைவு வந்தது. "ராத்தா, உம்மாட படம் கெமராக்குள்ள ஈக்குதே!" என்றாள். அவர் முகம் மறந்துபோய், அடையாள அட்டையின் முகம் மட்டுமே நினைவில் நிற்குமோ என்று அந்த ஏழு நாளும் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த நாளே மூன்று ரோலையும் எடுத்துக்கொண்டு மாத்தளைக் கடைத்தெருவில் சிவலிங்கத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"இங்க இப்பக் கழுவுறது இல்லீங்க டீச்சர். கொழும்புக்குத்தான் அனுப்பணும்" என்றார்.

"அங்க கழுவுறது யாரு?"

"ரெண்டு பயலுங்க இருக்கானுங்க. கெட்டிக்காரனுங்க. கழுவி, கம்பியூட்டர்ல ஒவ்வொண்ணாப் பெருசாக்கிப் பார்த்து, கலர் எல்லாம் சரிபண்ணி அனுப்புவானுங்க."

ஒவ்வொன்றாக. பெரிதாக்கி. நூற்றிருபது பெண்களின் தொலைபேசியைக் கூடையில் போட்டுக் காவல் வைத்த நாங்கள், அவர்கள் அத்தனை பேரையும் முக்காடில்லாமல் சுருட்டிக் கொழும்பில் இரண்டு வாலிபர்களுக்கு அனுப்ப இருந்தோம். வியாபாரி ஒருவர், விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி, பட்டதாரிக் கல்யாணப் பெண் ஒருத்தி. மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் வெளியில் நிறுத்தியிருப்பேன்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் சாதிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"உசிரோட ஈக்கிறப்ப அந்நிய ஆம்புளைக்குக் காட்டாத தலைய, மௌத்தான பொறகு காட்டச் சொல்றியா?"

"உம்மாட படம் ஒண்ணுகூட இல்லையே வாப்பா."

"எனக்கு மட்டும் ஈக்குதா?" என்றார்.

திரும்பவும் சிவலிங்கத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், மூடியுள்ள ஒரு கறுப்புக் குடுவையைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "வீட்டுலயே கழுவலாங்க டீச்சர். கலர் வராது, கறுப்பு வெள்ளையா வரும். இந்த டேங்குக்குள்ள ரோல இருட்டுல சுத்தணும். ஒரு பொட்டு வெளிச்சம் படக் கூடாது. காசெல்லாம் வேணாம், கொண்டுபோங்க."

மீதியை இணையத்தில் படித்தேன். உடனடிக் கோப்பித்தூள், உடுப்புக் கழுவும் சோடா, விற்றமின் சி மாத்திரை. இவை படத்தை வெளியே கொண்டுவரும். அதை நிறுத்தி வைக்கச் சோடியம் தயோசல்பேற்று. பத்தாம் தரப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை காட்டும் உப்புத்தான். அதிபரிடம் கேட்டு ஒரு போத்தல் எடுத்து வந்தேன்.

இருட்டுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஓட்டுக்கு ஓடு வெளிச்சம். கடைசியில் வெளியே போகும்போது போடும் கறுப்பு அங்கி, இரண்டு அபாயாக்களை, ஒன்றுக்குள் ஒன்று விட்டேன். கழுத்தைக் கட்டி, குடுவையையும் ரோலையும் உள்ளே வைத்து, கீழ்ப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டினேன். பிறகு அபாயாவின் கைப்பகுதிகளின் நுனி வழியாக என் இரண்டு கையையும் உள்ளே விட்டேன். ஷஸ்னா மணிக்கட்டில் றப்பர் வளையம் போட்டாள். "ஆளில்லாத அபாயாக்கு உயிர் வந்தமாதிரி ஈக்குது ராத்தா" என்றாள். உம்மா போன பிறகு அன்றுதான் இருவரும் சிரித்தோம்.

கோப்பியும் சோடாவும் சேர்ந்து வீடே நாறியது. குலுக்கினேன், ஊற்றினேன், கழுவினேன், குளியலறைக் கொடியில் தொங்கவிட்டேன்.

முதல் ரோல் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. ஒரு படமும் இல்லை. பிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. கெமராவில் படம் எண்ணும் இலக்கம் மட்டும் ஓடியிருக்கிறது. அது ஷஸ்னா உம்மாவை எடுத்த கெமரா.

இரண்டாவது, மாமி திறந்தது. முழுக்கக் கரி.

மூன்றாவதிலும் முக்கால்வாசி வெறுமைதான். பிளாஷுக்கு ஒரு பொத்தானைத் தள்ளிச் சிவப்பு விளக்கு எரியும்வரை பொறுக்க வேண்டுமாம். எங்கள் சொந்தத்தில் யார் பொறுப்பார்கள்? ஒரு மின்விசிறி, யாரோ ஒருத்தியின் காது, பாதிக் கேக்.

ஷஸ்னா குளியலறை வாசலில் உட்கார்ந்து ஓலமிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. முப்பத்து மூவாயிரம் ரூபாயும் மூன்று பிளாஸ்டிக் டப்பாவும். அந்த மஞ்சள் சனியனைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

கொடியிலிருந்து கழற்றும்போதுதான் நுனியில் இன்னொரு படம் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததால் நன்றாக விழுந்திருந்தது. தொலைபேசியில் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியைப் போட்டு, அதன் வழியாகப் பார்த்தேன்.

படத்தின் பாதியை ஒரு விரல் மறைத்திருந்தது. வில்லையின்மேலே வைத்து அழுத்திய விரல், மங்கிப் பருத்து நின்றது. மீதிப் பாதியில் நான். முக்காடு, கையில் வட்டிலாப்பத் தட்டு, சுளித்த முகம். அந்த முகத்தை நான் பாடசாலையில் காட்டியதில்லை, வாப்பாவிடம் காட்டியதில்லை. உலகத்தில் ஒருவரிடம் மட்டும்தான் அப்படி முகம் சுளிப்பேன்.

உம்மா மூன்றாவது தடவை கூப்பிட்டது இதற்குத்தான்.

விலையான கெமராவென்றால் உம்மா கிட்டவே போயிருக்க மாட்டார். உடைந்துவிடும் என்று பயம். விளையாட்டுச் சாமான் என்பதால் கையில் எடுத்திருக்கிறார். எடுத்தவர் மேடையில் இருந்த கல்யாணப் பெண்ணை எடுக்கவில்லை.

வாப்பாவிடம் கொண்டுபோனேன். "உம்மா ஈக்கிறாவா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா. உம்மாட வெரல் மட்டும் ஈக்குது."

மூக்குக்கண்ணாடியைப் போட்டு வெகு நேரம் பார்த்தார். "சிவலிங்கத்துக்கிட்டக் குடு. பெருசா அடிச்சுத் தரச் சொல்லு."

"அவரும் அந்நிய ஆம்புளதானே?"

"இதுல மறைக்க என்ன ஈக்குது?" என்றார். பிறகு, "உன்ட மூஞ்சி ஏன் இப்பிடி?" என்றார்.

"உம்மா கூப்பிட்டாங்க. நான் ஏசினேன்."

வாப்பா படச்சுருளை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "ஏசுறப்பவும் உன்னத்தான் பாத்துக்கிட்டு ஈந்தீக்கிறா" என்றார்.

உம்மா மௌத்தான அன்றுகூட நான் அப்படி அழவில்லை.