கொஞ்சம் சோறு

"கொஞ்சமாப் போடு ரமணி" என்று ரெங்கசாமி இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். ரமணி அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய்க் கொஞ்சமாகத்தான் போட்டாள். பிரிக்பீல்ட்ஸில் அவள் கடையில் கொஞ்சம் என்றால், நடக்கப் பழகும் பிள்ளையை இலையில் உட்கார வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. சாப்பிடுகிறவர் இலையை மடிக்கும்வரை கேட்காமலே போட்டுக்கொண்டிருப்பதுதான் அங்கே வழக்கம். ரெங்கசாமி லேசில் மடிக்கிற ஆளும் இல்லை.

ஆனால் இன்றைக்கு எதிரில் அவர் மனைவி இராஜம்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் கிள்ளானிலிருந்து அவர் ஓட்டி வந்த பஸ்ஸிலேயே ஏறி வந்திருந்தாள். அவர்தான் வரச் சொன்னார். வந்து கண்ணாலேயே பார்த்துக்கொள் என்று ஒரு ரோஷத்தில் சொன்னது.

ரோஷம் வராமல் என்ன செய்யும்? போன வாரம் பஸ் கம்பெனி டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இராஜம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அங்கிள், ஜாங்கான் திப்பு லா" என்று மலாயில் சொல்லிவிட்டார். ஏமாற்றாதீர்கள் என்று. சர்க்கரை வியாதி, அதுதான் இனிப்புநீர், இறங்கவே இல்லையாம், ஏறித்தான் இருக்கிறதாம். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பஸ் ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டாராம். அப்புறம் டிப்போவில் உட்கார்ந்து டிக்கெட் கட்டை எண்ண வேண்டியதுதான். மீசை முளைத்த காலம் முதல் ஸ்டியரிங் பிடித்த கை அது. அந்தப் பயத்தைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் இராஜம்மா மெதுவாக, "எங்கங்க ஜிலேபி வாங்கித் திங்கிறீங்க?" என்று கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கோயிலில் கையில் வைத்த சர்க்கரைப் பொங்கலைக்கூட அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"பாத்துக்க" என்று இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருக்கு இனிப்புநீர் இருப்பது இந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. "சோறு கொஞ்சம். மிச்சமெல்லாம் காய்கறி. டாக்டர் சொன்ன மாதிரியே. இந்தா, பாகக்கா. கேட்டுக் கேட்டு வாங்கித் திங்கிறேன். மருந்து இது."

இராஜம்மா பாகற்காய் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நொறுங்கிய சத்தம் அவருக்கும் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். பிறகு ரமணியைப் பார்த்து, "எப்படிம்மா இவ்ளோ மொறுமொறுன்னு வருது?" என்று கேட்டாள்.

ரமணிக்கு முகமெல்லாம் பல். சாப்பிட வருகிற ஆண்கள் ஏப்பம் விடுவார்களே தவிர, யார் இப்படிக் கேட்கிறார்கள்? "மாவுல நல்லா பெரட்டிடணும்க்கா. எண்ணெய்ல முக்கி எடுத்து, ஆறவிட்டு, திரும்ப ஒரு தடவ முக்கணும்."

"இந்தப் பூசணிக்கா?"

"அதுல ஒரு கை சீனி. கீரைக்குக் கெட்டித் தேங்காப்பால். தண்ணிப் பால் ஊத்துனா நல்லாருக்காது."

ரெங்கசாமி இலையைப் பார்த்தார். தேடிப் பாருங்கள் என்று போலீஸை நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் விட்டவன் மாதிரி ஆகிப்போனது அவர் பாடு. ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. கல்லாவரை கேட்கும்படி குரல் கொடுத்தார். "விஜயா! தே ஒன்னு. சீனி வேணாம்!"

ரமணியின் தம்பி விஜயன் டீயை நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். "சீனி ஒரு துளி இல்லண்ணே. சப்புன்னு இருக்கக் கூடாதுன்னு டின்பால்தான் ஒரு கரண்டி கூட விட்டிருக்கேன். எப்பவும் போல."

டின்பால் என்றால் பாதி சீனிப்பாகு. இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு கணம் பயந்துபோனார். சிரிப்புத்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவருக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம். கடைசியில் அவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது.

விஷயத்தை இராஜம்மாவே ரமணியிடம் சொன்னாள். ரமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அண்ணே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா உன் கை சுருங்கிடும்" என்றார் ரெங்கசாமி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே பட்டது. நாள் முழுக்கச் சில்லறைக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஓடுகிறவருக்கு, போதும் என்றாலும் விடாமல் போடுகிற கை இங்கேதான் இருந்தது. வயிறு பாதிதான் நிறைந்திருந்தது. இலையை மடித்தார். விஜயனிடம் பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் ஒரு தே வாங்கிக் குடித்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

ரமணிக்குக் கை சும்மா இருக்குமா? சோற்று வாளியோடு இராஜம்மா பக்கம் திரும்பினாள். "இன்னும் கொஞ்சம்க்கா." இராஜம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் குழம்பு வந்தது, ரசம் வந்தது, மறுபடி பாகற்காய் வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறவள் அவள். இன்னொருத்தர் பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததாக நினைவே இல்லை. காலைக்கூட மடக்கி நாற்காலியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். பசியோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நன்றாக இருந்தது.

திரும்பும்போது டிரைவர் இருக்கைக்குப் பக்கவாட்டில், கதவை ஒட்டிய முதல் சீட்டில் அவளை உட்கார வைத்தார். பஸ் பெடரல் ஹைவேயில் ஏறியதும் இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள். "அடுத்த மாசம் நானும் வரேன். எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாருன்னு அந்த டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

இரத்தத்தில் இனிப்பு அதற்குள் இறங்குமோ இறங்காதோ, டாக்டர் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ, அதெல்லாம் ரெங்கசாமி கையில் இல்லை. இந்த டிரிப் அவர் கையில் இருந்தது.

பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். உண்ட மயக்கத்தில் இராஜம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கியிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை ஜன்னல் கம்பிப் பக்கம் சாய்ந்தது. ரெங்கசாமி கியரைக் குறைத்தார். பின்னால் வந்த லோரி விடாமல் ஹாரன் அடித்தது. கையை வெளியே நீட்டி, முந்திக்கொண்டு போ என்று காட்டினார்.